வேலை கப்பலேறிப் போனால்...



கடந்த ஆயுத பூசையன்று நம் கோவிலில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லி இந்த மாதப் பாடத்தை ஆரம்பிக்கிறேன். வழக்கம்போல அம்மன் முன்னால் பலகை போட்டு அவரவர் ஆயுதங்களை வைத்தார்கள். ஒரு தாத்தா பல வருஷமாகத் தொடாத பால்வெட்டுக் கத்தியைத் துடைத்து, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்திருந்தார். செம்பனைக் குலை வெட்டுகிற அரிவாள் ஒன்று இருந்தது. தச்சு வேலை செய்கிற அண்ணன் தன் பெட்டியையே தூக்கி வந்துவிட்டார். படிக்கிற பிள்ளைகள் புத்தகம், மடிக்கணினி. அப்போது நம் வகுப்புக்கு வருகிற ஒரு தம்பி, கழுத்தில் மாட்டுகிற வேலை அட்டையைக் கழற்றி வைத்தான்.

பக்கத்தில் இருந்தவன் சிரிச்சிட்டான். "கார்டு ஒரு ஆயுதமாடா?"

"வேற என்ன வைக்கச் சொல்ற? மெஷின் கம்பெனியோடது. ஸ்பானர் கூட கம்பெனியோடது. இந்தக் கார்டு ஏஜெண்டோடது, வேலை முடிஞ்சா திருப்பிக் கொடுக்கணும். இப்போதைக்கு என்கிட்ட இருக்கிறது இதுதான்."

ஏஜெண்ட் என்று அவன் சொன்னது ஆள் கொடுக்கிற நிறுவனத்தை. அவன் தினமும் வேலை செய்வது ஒரு தொழிற்சாலையில், சம்பளம் கொடுப்பது வேறொருவர். நம் வட்டாரத்தில் இதற்கு எல்லாரும் சொல்கிற பேர் 'அவுட்சோர்சிங்'. அந்த வார்த்தையைத்தான் இந்த மாதம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

ஒரே வார்த்தை, இரண்டு விஷயம்

நான் பொறியியல் படிக்கிறவன், பொருளாதாரம் படித்தவன் இல்லை. அதனால் எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

வீட்டில் கல்யாணம். முன்பெல்லாம் சொந்தக்காரர்களே கூடிச் சமைத்தார்கள். இப்போது சமையலைக் கேட்டரிங்காரரிடம் விட்டுவிடுகிறோம். இது அவுட்சோர்சிங். நாமே செய்த வேலையை, அல்லது செய்யக்கூடிய வேலையை, வெளியாளிடம் குத்தகைக்கு விடுவது. வேலை வேறு நாட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசியமே இதில் இல்லை.

வேலையே கடல் தாண்டிப் போவது இன்னொரு விஷயம். அமெரிக்கக் கம்பெனி தன் வாடிக்கையாளர் தொலைபேசியைச் சென்னையில் எடுக்க வைத்தால், ஜப்பானியக் கம்பெனி தன் உதிரிப்பாகத்தை மலேசியாவில் செய்தால் அது கடல் கடந்த வேலை. அங்கே தன் சொந்த ஆலையையே கட்டலாம், இல்லை அந்த ஊர்க் கம்பெனியிடம் குத்தகைக்கும் விடலாம்.

இரண்டும் ஒரே ஆள் தலையில் விழுவதும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த ஆலை, அதற்குள்ளே ஆள் கொடுக்கிற நிறுவனத்தின் மூலமாக வந்த தொழிலாளி. மேலே சொன்ன தம்பியின் நிலைமை இதுதான்.

'வெளிநாட்டுக்கு வேலை போவதால் உள்நாட்டில் வேலை போகுதா?' என்ற கேள்வியை அமெரிக்காக்காரன் கேட்கிற மாதிரி நாம் கேட்க முடியாது. நாம் வாங்குகிற பக்கமும் இருக்கிறோம், இழக்கிற பக்கமும் இருக்கிறோம். சொல்லப்போனால், நாம் இந்த மண்ணுக்கு வந்ததே இப்படியொரு இடமாற்றத்தால்தான்.

பிரேசில்காரன் பொழப்பு நம்மிடம் வந்த கதை

ரப்பர் மரம் மலாயா மரம் இல்லை. அது அமேசான் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாத் தோட்டங்களின் ஆரம்பம் அதுதான்.

அந்தக் காலத்தில் உலகத்துக்கே ரப்பர் கொடுத்தது பிரேசில். காட்டுக்குள் ஒரு மரம் இங்கே, ஒரு மரம் அங்கே என்று சிதறி நிற்கும். தொழிலாளி நடந்து நடந்து பால் எடுக்க வேண்டும். மரங்களை நெருக்கி நட்டுத் தோட்டம் போடலாம் என்றால் இலைக்கருகல் நோய் வந்து அழித்துவிடும். ஆனாலும் வேறெங்கும் அந்த அளவு கிடைக்காததால் பணம் கொட்டியது. மனாவுஸ் என்ற காட்டு நகரத்தில் 1896இல் ஐரோப்பாவுக்கு நிகரான ஓர் இசை நாடக அரங்கைத் திறந்தார்கள்.

மலாயாவில் மரங்கள் வரிசையாக நின்றன. அந்த நோயும் இங்கே வரவில்லை. வெட்டுவதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், முதலில் ஒப்பந்தக் கூலியாக, 1910இல் அந்த முறை ஒழிந்த பிறகு கங்காணி மூலமாக. 1920களின் கடைசியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாட்கூலி நிர்ணயித்தார்கள். பிறகு வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதையும் வெட்டினார்கள்.

1910இல் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை அதன் பிறகு விழுந்தது. சில வருஷங்களிலேயே தோட்ட ரப்பர் காட்டு ரப்பரைத் தாண்டிவிட்டது. மனாவுஸ் படுத்துவிட்டது.

அன்றைக்கு ஓர் அமேசான் தொழிலாளியிடம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? "மலாயாவில் இருக்கிற மலிவான கூலிகள் எங்கள் பொழப்பைப் பறித்துவிட்டார்கள்" என்றுதானே? அந்தக் கூலிகள் நம் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டிகள். அவர்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. பசிக்கு வந்தார்கள். இதை நான் வகுப்பில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வங்காளதேசத் தொழிலாளியைப் பற்றி நம் பையன்கள் பேசுகிற பேச்சை நினைத்துப் பாருங்கள், ஏன் என்று தெரியும்.

ஒரே மரம், ரெண்டு கணக்கு

என் பாட்டி செண்டாயான் பக்கத்துத் தோட்டத்தில் காண்டா தூக்கினவங்க. விடியற்காலைப் பெரட்டு, மரம், பால், ஸ்டோர், மத்தியானம் லயம். தோட்டத்து வாழ்க்கையை இனிப்பாகச் சொல்கிற வழக்கம் பாட்டிக்கு இல்லை. ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வாங்க. "நிரந்தரத் தொழிலாளின்னா வீடு உண்டு, மருந்து உண்டு, சேமநிதி உண்டு. அப்புறம் குத்தகைக்காரன் ஆளுங்க வந்தாங்க. ஒரே மரம், ஒரே கத்தி, ரெண்டு கணக்கு."

1980களில் நாடு முழுக்கத் தோட்டங்களில் இது பரவியது. 1984இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஆள் அனுப்புவது பற்றி மேடானில் ஒப்பந்தம் செய்துகொண்டன. தோட்ட நிர்வாகம் நேரடியாக ஆள் எடுப்பதைக் குறைத்துக் குத்தகைக்காரர் கையில் வேலையைக் கொடுத்தது. குத்தகைக்காரரின் ஆளுக்கு நிர்வாகம் பொறுப்பில்லை. சங்கத்தில் சேர்வதும் கடினம். வந்த இந்தோனேசியத் தொழிலாளியும் இதில் சம்பாதித்து மாடி வீடு கட்டிவிடவில்லை. நடுவில் நின்றவர் எடுத்துக்கொண்டார்.

தொழிற்சாலையில் இன்று நாம் பார்க்கும் அவுட்சோர்சிங் அதே குத்தகைதான், சட்டை மட்டும் புதுசு. 2000களின் நடுவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து கம்பெனிகளுக்குக் கொடுக்கத் தனி நிறுவனங்களுக்கு அரசாங்கமே உரிமம் கொடுத்தது. பிரச்சினைகள் பெருகின பிறகு அந்த ஏற்பாட்டிலிருந்து பின்வாங்கியது. ஆனால் ஆள் கொடுக்கிற தொழில் நிற்கவில்லை. இப்போது நம் பிள்ளைகளே அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

செண்டாயானுக்கு வந்த வேலை

மரங்கள் போய்விட்டன. செண்டாயானில் இன்று 5,000 ஏக்கருக்கு மேல் புது நகரம். கோலாலம்பூர் சுங்கை பீசியில் இருந்த விமானப் படைத் தளம் 2018இல் இங்கே மாறி வந்தது. டெக்வேலி என்ற தொழிற்பேட்டையில் ஹினோ லாரி ஆலை, நிப்பான் கயாகுவின் ஏர்பேக் பாகங்கள், ஆகாஷி கிகாயின் கியர்பெட்டி எல்லாம் வந்தன.

நம் வீடுகளில் எத்தனை பேர் பெரோடுவா வைத்திருக்கிறோம்? 2014இல் டைஹாட்சுவும் பெரோடுவாவும் சேர்ந்து இங்கே ஓர் என்ஜின் ஆலை திறந்தன. 2016இல் வந்த பெஸ்ஸாவின் என்ஜின் செண்டாயானில் செய்ததுதான். தாத்தா பால் வெட்டின மண்ணில் பேரன் ஓட்டுகிற காரின் என்ஜின்! இதில் ஜப்பானியத் தொழிலாளிக்கு நஷ்டம் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. கார் ரவாங்கில் பூட்டப்படுகிறது, இங்கேயே விற்கிறது. என்ஜின் கனமான பொருள். பக்கத்தில் செய்வது லாபம். இந்த மாதிரி வேலை சந்தைக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்படும்.

இன்னோர் ஆலையைப் பாருங்கள். பிரான்ஸ் நாட்டு சஃப்ரான் குழுமம் விமானச் சக்கரத்துக்கான கார்பன் பிரேக்கை இங்கே செய்கிறது. முன்பு அந்த வேலை பிரான்சில் லியோன் நகருக்குப் பக்கத்திலும் அமெரிக்காவில் கெண்டக்கியிலும் மட்டும் இருந்தது. இதில் கூலி பெரிய செலவு இல்லை. கார்பன் இழைக்குள் மேலும் கார்பனைப் படிய வைக்க, உலையில் எரிவாயுவைச் செலுத்தி வாரக்கணக்கில் சூடாக வைத்திருக்க வேண்டும். மின்சாரம், எரிவாயு இரண்டும் எங்கே மலிவு, எங்கே நிச்சயம் என்பதுதான் கணக்கு. நான்காவது ஆலையை எங்கே கட்டுவது என்று அந்தக் குழுமம் பல வருஷம் யோசித்தது. உக்ரைன் போரால் ஐரோப்பாவில் எரிசக்தி விலை எகிறியதும் வட அமெரிக்கா பக்கம் பார்த்தது. கடைசியில் 2025இல் பிரான்சிலேயே கட்டுவதாக அறிவித்தது. 'வெள்ளைக்காரன் மலிவான கூலிக்காகத்தான் எப்போதும் ஓடி வருவான்' என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூலி ஒரு வரி, மற்ற வரிகளும் இருக்கின்றன.

அம்மாவின் கதை

கூலி மட்டுமே கணக்காக இருக்கிற வேலைகளும் உண்டு. அதை நான் வீட்டிலேயே பார்த்தேன்.

அம்மா 17 வருஷம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். பேர் வேண்டாம். சின்னச் சின்னப் பாகங்களை உருப்பெருக்கியில் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. 2016இல் நான் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த வருஷம், அந்த லைனை வியட்நாமுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் அங்கிருந்து பெண் பிள்ளைகள் கொஞ்ச பேர் வந்தார்கள், மூன்று மாதம் வேலை பழக. பழக்கிவிட்டது அம்மா.

எனக்குக் கோவம். "உங்க வேலையை எடுத்துட்டுப் போற ஆளுங்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கிறீங்களா?" என்று கத்தினேன். அம்மா சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாங்க, "அதுங்க என்னடா பண்ணும்? உன் அக்கா வயசு. நான் ஒழுங்கா சொல்லிக் கொடுக்கலன்னா அங்க போய்த் திட்டு வாங்கும்."

அம்மாவுக்கு நஷ்டஈடு கிடைத்தது. அதே லைனில், பக்கத்து நாற்காலியில் இருந்த ஆன்ட்டி ஒருத்தருக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. அவர் ஏஜெண்ட் மூலம் வந்தவர். அவருடைய ஒப்பந்தம் 'முடிந்துவிட்டது', அவ்வளவுதான். உருப்பெருக்கி ஒன்று, கணக்கு ரெண்டு. பாட்டி சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

எளிதில் நகருகிற பொருள்களை யோசித்துப் பாருங்கள். லேசாக இருக்கும், விமானத்தில் ஏற்றலாம், கை வேலை அதிகம், மூன்று மாதத்தில் பழகலாம். துணி, கைப்பேசி, சின்ன எலக்ட்ரானிக்ஸ். அமெரிக்கச் சில்லு கம்பெனிகள் 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸுக்கு வந்ததற்கும் இதுதான் காரணங்களில் ஒன்று. வந்த காரணமே போவதற்கும் காரணமாகும்.

தமிழ்நாட்டிலும் இதைப் பார்த்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் கைப்பேசி ஆலை திறந்தது. உச்சத்தில் ஏறக்குறைய 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், நிறைய பேர் கிராமத்திலிருந்து வந்த இளம் பெண்கள். ஃபின்லாந்துக்காரர்கள் இழந்த வேலை தமிழ்ப் பெண்களுக்கு வந்தது என்று சொல்லலாம். நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் இருந்த இந்த ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. எட்டு வருஷம்தான். அந்த ஆலையைப் பிறகு கைப்பேசி சார்ஜர் செய்கிற சால்காம்ப் வாங்கியது. வேலை திரும்பி வந்தது என்று செய்தி எழுதினார்கள். 2014இல் வீட்டுக்குப் போன அந்தப் பெண்களுக்கு அதற்குள் வயது ஏறியிருக்குமே, அவர்களைக் கூப்பிட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டிலும் வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018இல் தன் பெட்டாலிங் ஜெயா ஹார்டுடிஸ்க் ஆலையை மூடப்போவதாக அறிவித்து, அந்த வேலையைத் தாய்லாந்தில் குவித்தது. அதே நேரத்தில் பினாங்கில் புதுவகைச் சேமிப்பகத்துக்கான வேலையை வளர்த்தது. நாட்டுக் கணக்கில் பார்த்தால் ஒன்று போய் ஒன்று வந்தது. ஆனால் பி.ஜே.யில் வீடு, பிள்ளைக்குப் பள்ளி என்று இருக்கிற நாற்பத்தைந்து வயது அம்மா பினாங்குக்கு எப்படிப் போவார்?

அமெரிக்காவில் டேவிட் ஆட்டோர் என்ற பொருளாதார நிபுணரும் அவர் கூட்டாளிகளும் ஆராய்ந்து சொன்னதும் ஏறக்குறைய இதுதான். சீனப் பொருள்களின் போட்டியால் 1999 முதல் 2011 வரை அங்கே 20 முதல் 24 லட்சம் வேலைகள் வரை போனதாக அவர்கள் கணக்கிட்டார்கள். அடி விழுந்த ஊர்களில் அதற்கு ஈடான வேறு வேலை வந்து சேரவில்லை, மக்களும் எளிதில் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. மலிவான பொருளின் லாபம் நாடு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது. நஷ்டமோ சில ஊர்களின் தலையில் மொத்தமாக இறங்குகிறது. தோட்டத் துண்டாடலைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

வேலை போகும்போது உங்களுக்குச் சேர வேண்டியது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள், வீட்டிலும் படித்துக் காட்டுங்கள்.

ஆட்குறைப்பு நடந்தால் நஷ்டஈட்டுக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் என்றால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 15 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் 20 நாள். இன்றைக்கு மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இது சட்டப்படி உரிமை. அம்மா கணக்கையே போடுவோம். மாதம் 1,500 வெள்ளி, வருஷம் 18,000. அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 49 வெள்ளி 30 காசு சொச்சம். 20 நாள், 17 வருஷம் என்றால் 340 நாள். ஏறக்குறைய 16,767 வெள்ளி. வீட்டுக் கடனில் பாதியை அடைத்தது இந்தப் பணம்தான்.

முன்னறிவிப்பும் உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில் இரண்டு வருஷத்துக்குக் கீழே 4 வாரம், ஐந்து வருஷத்துக்குக் கீழே 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். ஆட்குறைப்பு செய்யப்போகிற முதலாளி தொழிலாளர் இலாகாவுக்கும் 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். அதே மாதிரி வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளி இருக்கும்போது உள்நாட்டுத் தொழிலாளியை முதலில் நிறுத்தக் கூடாது என்று வேலைச் சட்டத்தின் 60என் பிரிவு சொல்கிறது. இது நம் பக்கம் இருக்கிற சட்டம். ஆனால் அந்த வெளிநாட்டுத் தொழிலாளி கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்திருப்பான் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது: வேலைக் காப்புறுதி. 2018 ஜனவரியிலிருந்து உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடும் முதலாளி பங்காக 0.2 விழுக்காடும் சொக்சோவுக்குப் போகிறது. வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாவது நான்காவது மாதம் 40, ஐந்தாவது ஆறாவது மாதம் 30. காப்புறுதிக்கு உட்பட்ட சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது நீங்கள் கட்டியதைப் பொறுத்தது. வேலை போன 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். அநியாயமாக நிறுத்திவிட்டார்கள் என்று புகார் செய்வதற்கும் 60 நாள்தான் கெடு. நம் ஆட்கள் வெட்கப்பட்டு, 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று மூன்று மாதம் ஓட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள்.

முக்கியமான இடம் இது. நீங்களாக வேலையை விட்டால் இந்தப் பணம் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் இல்லை. அதனால்தான் சில இடங்களில் "நல்ல பேரோட போயிடுங்க" என்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆறு மாதம், ஆறு மாதம் என்று ஒப்பந்தம் போடுகிற ஏஜெண்ட் வேலையின் சூட்சுமமும் இதில்தான். ஆலை வியட்நாமுக்குப் போக வேண்டியதே இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும். என்னைக் கேட்டால், வெளிநாட்டுக்குப் போகிற வேலையைவிட இந்த உள்நாட்டுக் குத்தகைதான் நம் பிள்ளைகளுக்கு இன்றைக்குப் பெரிய ஆபத்து. இதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

எந்த வேலை தங்கும்?

எந்த வேலையும் நிரந்தரம் என்று என்னால் சொல்ல முடியாது. பினாங்கை மட்டும் காட்டுகிறேன். 1972இல் கை வேலைக்காக வந்த ஆலைகள் ஐம்பது வருஷம் தாண்டியும் அங்கே இருக்கின்றன. உலகத்தில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கிற வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. கூலி ஏறின பிறகும் ஏன் போகவில்லை? 1989இல் மாநில அரசும் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு திறன் மேம்பாட்டு மையம் ஆரம்பித்தார்கள். போட்டிக் கம்பெனிகள் ஒரே கூரையின் கீழ் ஆட்களைப் பயிற்றுவித்தன. ஆப்பரேட்டராகச் சேர்ந்தவர் டெக்னீசியன் ஆனார், சிலர் சொந்தமாக இயந்திரப் பட்டறை வைத்தார்கள். அந்தப் பட்டறைகளையும் ஆட்களையும் பெட்டியில் போட்டு வியட்நாமுக்கு அனுப்ப முடியாது.

போன வருஷம் நான் தொழிற்பயிற்சிக்குப் போன ஆலையில் ஒன்றைக் கவனித்தேன். ஓர் இயந்திரம் நின்றுவிட்டது. சுற்றி ஏழெட்டு ஆப்பரேட்டர்கள் சும்மா நிற்கிறார்கள். பராமரிப்புப் பகுதி அண்ணன், நம் ஆள், சிலியாவ்காரர், வந்து சத்தத்தைக் கேட்டார், பேனலைத் திறந்தார், இருபது நிமிஷத்தில் ஓட வைத்துவிட்டார். எஸ்.பி.எம். முடித்து, பகுதி நேரமாகத் தொழில்திறன் சான்றிதழ் எடுத்தவர். பட்டதாரி இல்லை. அவரை அனுப்பிவிட்டு மூன்று மாதத்தில் வேறோர் ஆளைப் பழக்க முடியாது என்பது மேலாளருக்குத் தெரியும். சம்பளம் பேசும்போது அந்த அண்ணன் உட்கார்ந்துதான் பேசுவார்.

ஆனால் அவருக்கும் ஓர் எல்லை இருந்தது. பாகத்தின் அளவை மாற்ற வேண்டும் என்றால் தலைமையகத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். வடிவமைக்கிற வேலை இன்னும் இங்கே வரவில்லை. என் தலைமுறை பொறியியல் மாணவர்கள் குறிவைக்க வேண்டியது அதை. அதற்கு நம்மில் எத்தனை பேர் தயார் என்று கேட்டால், கணிதத்தை நான்காம் படிவத்திலேயே கைவிட்டவர்களின் பட்டியலை நான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அது வேறொரு மாதத்துக்கு.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரும்போது வேலை செய்கிறவர்கள் சம்பளச் சீட்டைக் கொண்டு வாருங்கள். படிக்கிறவர்கள் அப்பா அம்மாவுடையதைக் கேட்டு வாங்கி வாருங்கள், தொகையை மறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. முதலாளி என்ற இடத்தில் யார் பேர் இருக்கிறது? நீங்கள் தினமும் நுழைகிற கேட்டில் உள்ள பேரா, வேறா? சேமநிதி, சொக்சோ, எஸ்.ஐ.பி. மூன்றும் வெட்டியிருக்கிறார்களா? நியமனக் கடிதத்தில் முடிவுத் தேதி போட்டிருக்கிறதா? உங்கள் வேலையைப் புதிதாக ஒருவருக்குப் பழக்க எத்தனை நாள் ஆகும், அதையும் நேர்மையாக எழுதி வாருங்கள்.

ஆயுத பூசையில் அட்டை வைத்த தம்பி போன வாரமே தன் சீட்டைக் கொண்டுவந்து காட்டினான். சேமநிதி இருந்தது. சொக்சோ இருந்தது. எஸ்.ஐ.பி. வரி காலி. எட்டு மாதமாகவே காலி. திங்கட்கிழமை அவனுக்கு இரவு வேலை, பகலில் ஓய்வு. காலை ஒன்பது மணிக்குச் சிரம்பான் சொக்சோ அலுவலகத்துக்கு அவனோடு நானும் போகிறேன்.